பர்மாச் சாலைக்குச் சென்ற மலாயா லாரி ஓட்டிகள்

பினாங்கில் ஆயர் ஈத்தாம் வட்டாரத்திலுள்ள கெக் லோக் சீ கோயிலைக் காணப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்ற ஆசிரியர்கள் நம்மில் பலர். அவ்வட்டாரத்திலேயே ஓர் உயர்ந்த கல் தூண் நிற்பதை அவர்கள் கண்டிருக்கக்கூடும். ஆயினும் அஃது யாருக்காக நிற்கிறது என்று பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னவர் சிலராகவே இருப்பர். 1951ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் திறந்துவைக்கப்பட்ட அத்தூண், ஜப்பானியர் ஆட்சியில் மாண்ட பினாங்குச் சீனர்களுக்கும், அதற்கு முன்பே இங்கிருந்து சீனத்துக்குச் சென்று பர்மாச் சாலையில் உயிர்நீத்த லாரி ஓட்டிகளுக்கும் சேர்த்து எழுப்பப்பட்ட நினைவுச் சின்னமாகும். இதுபோன்ற மற்றொரு கல் கோலாலம்பூரில் குவாங் தோங் இடுகாட்டில் 1947ஆம் ஆண்டிலேயே எழுந்துவிட்டது.

இவ்விரு கற்களிலும் அம்மனிதர்களைக் குறிக்கும் சொல் ஒன்றே. ‘ஜிகோங்’ என்பது அச்சொல். இயந்திரத் தொழிலாளி என்று அதற்குப் பொருள். லாரி ஓட்டுபவனையும் லாரியைப் பழுதுபார்ப்பவனையும் அச்சொல் ஒருசேரக் குறிக்கும். போருக்கென்று போன இவர்களைக் கல்லில் எழுதியோர், அவர்தம் தொழிலின் பெயராலேயே அழைத்தனர் என்பது எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுகிறது. இவர்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் நாட்டுப்பற்றையே பேசுவர். பேசத்தக்கதே. ஆனால் மூன்று டன் சுமையோடு மலையிறக்கத்தில் உருண்டோடும் லாரியை நாட்டுப்பற்று பிடித்து நிறுத்தாது. அதற்கு வேறு ஆயத்தம் வேண்டும். அந்த ஆயத்தம் எங்கே கிடைத்தது, எவ்வளவு கிடைத்தது, எவ்வளவு கிடைக்காமற்போயிற்று என்பதே ஈண்டு ஆராயப்புகும் பொருள்.

1937ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் சீனத்துக்கும் ஜப்பானுக்கும் முழுப் போர் மூண்டது. ஓராண்டு கடந்ததும் சீனத்தின் கடற்கரைத் துறைமுகங்கள் ஒவ்வொன்றாகப் பறிபோயின. 1938ஆம் ஆண்டு அக்டோபரில் காண்டன் நகரமும் வீழ்ந்தது. வெளிநாட்டிலிருந்து துப்பாக்கியும் மருந்தும் பெட்ரோலும் உள்ளே செல்லக் கடல்வழி அற்றுப்போகவே, தென்மேற்கு மூலையிலுள்ள யூன்னான் மாநிலத்தின் மலைகளைக் குடைந்து பர்மாவுக்கு ஒரு சாலை போடப்பட்டது. அம்மாநிலத்துக் குடியானவர்கள் ஏறத்தாழ 2 இலட்சம் பேர், அவர்களிற் பெரும்பாலோர் பெண்களும் முதியோரும் சிறுவர்களும், மண்வெட்டியும் கூடையும் கல்லுருளையும் கொண்டு அதை அமைத்தனர். 1938ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வண்டிகள் ஓடத்தொடங்கின. குன்மிங் நகரிலிருந்து பர்மாவின் லாஷியோ வரை 1,100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. லாஷியோவிலிருந்து இரங்கூன் துறைமுகத்துக்கு ரயில் இருந்தது. (அத்துறைமுகத்தில் பெட்டிகளை இறக்கிச் சுமந்தவர்கள் பெரும்பாலும் தெலுங்கு நாட்டிலிருந்து போன கூலிகள். பர்மாச் சாலை வரலாற்றை எழுதுவோர் அவர்களை மறந்துவிடுவது வழக்கம்.)

சாலை ஆயிற்று, லாரிகளும் அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கின. ஓட்ட ஆள் இல்லை. சீனத்தில் அக்காலத்தில் மோட்டார் வண்டி பெருகியிருந்தது கடற்கரை நகரங்களிலேதான். உள்நாட்டில் மோட்டாரை ஓட்டத் தெரிந்தவரும், கெட்டால் சரிசெய்யத் தெரிந்தவரும் மிகச் சிலர். இருந்தவர்களும் போதவில்லை. ஆகவே சீன அரசாங்கத்தின் போக்குவரத்துத் துறையினர் தென்கடல் நாடுகளை நோக்கிக் கை நீட்டினர். அவர்கள் கடிதம் வந்து சேர்ந்த இடம் சிங்கப்பூரில் தான் கா கீயின் மேசை.

தான் கா கீயைத் தமிழாசிரியர்களுக்கு அறிமுகம் செய்யவேண்டியதில்லை எனினும், நினைவூட்டுதல் நன்று. 1874ஆம் ஆண்டு பூக்கியன் மாநிலத்தில் பிறந்து, 1890ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்து, அன்னாசியிலும் ரப்பரிலும் பெரும்பொருள் ஈட்டி, அதைப் பள்ளிகளில் கொட்டியவர் அவர். சிங்கப்பூர்ச் சீன உயர்நிலைப் பள்ளி 1919ஆம் ஆண்டிலும், அமோய் பல்கலைக்கழகம் 1921ஆம் ஆண்டிலும் அவர் முயற்சியால் எழுந்தவை. 1934ஆம் ஆண்டில் அவருடைய கம்பெனி மூடப்பட்டது. பணம் போயிற்று, மதிப்புப் போகவில்லை. 1938ஆம் ஆண்டு அக்டோபரில் தென்கடல் நாடுகளின் சீனர் நிவாரண நிதி அமைப்புகள் யாவும் சிங்கப்பூரில் கூடி ஒரே சங்கமானபோது அவரையே தலைவராகக் கொண்டன.

அச்சங்கம் 1939ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் வெளியிட்ட அறிக்கையே இவ்வரலாற்றின் முதல் ஏடு. லாரி ஓட்டிகளும் பழுதுபார்ப்போரும் தேவை என்று கூறி, வருவோருக்கு இன்னின்ன தகுதி வேண்டும் என அது வரையறுத்தது. வயது இருபதுக்கு மேல் நாற்பதுக்குள் இருக்கவேண்டும். ஓட்டுபவனிடம் லைசென்ஸ் இருக்கவேண்டும். உடல் திடமாயிருக்கவேண்டும். சீன எழுத்து ஓரளவேனும் தெரிந்திருக்கவேண்டும். தீய பழக்கம், குறிப்பாகக் குடிப்பழக்கம், கூடாது. உள்ளூரில் அறியப்பட்ட கடையோ சங்கமோ ஆளோ அவனுக்குப் பிணை நிற்கவேண்டும். சம்பளம் மாதம் 30 சீன வெள்ளி; வேலைத்திறன் மிக்கவருக்குக் கூடுதல் உண்டு.

மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது வேலைக்கு ஆள் வேண்டும் என்னும் எந்த விளம்பரத்தையும் போலத் தோன்றும். நின்று படித்தால், இதை எழுதியவருக்குச் சுமை லாரித் தொழில் நன்கு தெரியும் என்பது விளங்கும். லைசென்ஸ் என்பது ஆறில் ஒன்றாகவே நிற்கிறது. எழுத்தறிவு எதற்கு? ஆயிரம் கிலோமீட்டர் சாலையில் எச்சரிக்கைப் பலகை படிக்கவும், சுமைச் சீட்டுப் பார்த்துப் பெட்டி எண்ணவும், பழுதை எழுதிக் கொடுக்கவும். பிணை எதற்கு? லாரி ஓட்டி தனியாள். அவன் கையில் ஒரு வண்டியும், ஒரு வண்டிச் சுமையும், பீப்பாய்ப் பெட்ரோலும் ஒப்படைக்கப்படுகின்றன. மேற்பார்வைக்கு யாரும் இல்லை. போர்க்காலச் சீனத்தில் பெட்ரோல் பொன்னுக்கு நிகராக விற்றது. லாரியில் காசு வாங்கிக்கொண்டு திருட்டுத்தனமாக ஆள் ஏற்றுவது அங்கே பெருவழக்காகி, அப்படி ஏறும் ஆளுக்கு ‘மஞ்சள் மீன்’ என்று பெயரே வந்துவிட்டது. ஆகவே கைத்திறனோடு கைச்சுத்தமும் தொழிலின் பகுதியே என்று தான் கா கீ கருதியது முற்றும் சரி.

அறிக்கை வெளியாகி பதினோராம் நாள், அதாவது பிப்ரவரி 18ஆம் நாள், முதல் அணியினர் 80 பேர் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டுவிட்டனர். இத்தனை விரைவில் ஆயத்தமான ஆட்கள் எப்படிக் கிடைத்தனர்? இக்கேள்விக்கு விடை சீனத்தில் இல்லை, மலாயாவில் இருக்கிறது.

1939ஆம் ஆண்டின் மலாயா, ஆசியாவிலேயே நல்ல சாலைகள் உடைய நாடுகளுள் ஒன்று. ரப்பரும் ஈயமும் அவற்றை உண்டாக்கின. 1924ஆம் ஆண்டு ஜொகூர் பாலச்சாலை முறைப்படி திறக்கப்பட்டபின் சிங்கப்பூரிலிருந்து லாரி நேரே தீபகற்பத்துக்குள் ஓட வழி பிறந்தது. போர்டு கம்பெனி 1926ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் தன் மலாயாக் கிளையை நிறுவியிருந்தது. பெருஞ்சாலையில் தார், தோட்டத்துக்குள் செம்மண். மழை பெய்தால் அச்செம்மண் சாலை என்ன ஆகும் என்பது தோட்டத்திலே வாழ்ந்த யாவரும் அறிந்ததே. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலை 1930களின் தொடக்கத்தில் முடிந்தது. தானா ராத்தா ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. இவையெல்லாம் சேர்ந்து, சமவெளி, சேறு, மலை ஆகிய மூன்றிலும் சுமை வண்டி ஓட்டக்கூடிய ஒரு கூட்டத்தை இந்நாட்டில் உருவாக்கின.

அக்கூட்டம் எந்தப் பள்ளியிலும் பயின்றதன்று. லாரி கிளீனராக, மலாய் வழக்கில் ‘கெலிண்டான்’ ஆக, ஒரு பையன் ஏறுவான். முதலில் அவனுக்குக் கிடைப்பது பின்பக்கம். மூட்டை அடுக்குவது, கயிறு கட்டுவது, தார்ப்பாய் போர்த்துவது, லாரி பின்னோக்கி வரும்போது இறங்கி நின்று குரல் கொடுப்பது, மேட்டிலே நின்ற வண்டியின் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது. இவற்றுள் எதுவும் ஓட்டுதல் அன்று. ஆயினும் இவை தெரியாதவன் ஓட்டினால் சுமை சரியும். கனமான மூட்டை பின்னால் ஏறிவிட்டால் முன்சக்கரம் பிடிப்பிழக்கும். ஒரு பக்கம் ஏறிவிட்டால் வளைவிலே வண்டி சாயும். இதை அவன் கையாலும் தோளாலும் கற்கிறான். பிறகு டயர் மாற்றுவான், எண்ணெய் பார்ப்பான், காலையில் கைப்பிடியைச் சுழற்றி இயந்திரத்தைக் கிளப்புவான். ஓராண்டோ ஈராண்டோ கழித்து, ஆளில்லாத தோட்டச் சாலையில், பெரியவர் மனம் வைத்தால், சக்கரம் அவன் கைக்கு வரும். லைசென்ஸ் சோதனை அதற்கும் பின்னால்தான்.

அக்கால லாரியின் கியர்ப்பெட்டி இக்காலத்தது போன்றதன்று. ஒரு கியரிலிருந்து மற்றொன்றுக்கு மாறக் கிளச்சை இருமுறை மிதிக்கவேண்டும். இரண்டு மிதிக்கும் இடையில் இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டியோ தணித்தோ பற்சக்கரங்கள் ஒத்துப்போகும்படி செய்யவேண்டும். அந்த வேகத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. காதால் கேட்டே அறியவேண்டும். தவறினால் பற்கள் கடிபட்டு அலறும், கியர் விழாது. சமவெளியில் இது வெட்கத்தோடு போகும். சுமையோடு மலையிறங்கும்போது கியர் விழாமற்போனால் வண்டி எதனோடும் பிணைப்பின்றி உருளத்தொடங்கும். பிரேக் ஒன்றே மிஞ்சும். அதுவும் காய்ந்து சூடேறினால் பிடிக்காது. ஆகவேதான், ஒரு மேட்டை ஏற எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில்தான் அதை இறங்கவேண்டும் என்பதும், இறக்கம் தொடங்குமுன்பே அதை மாற்றிவிடவேண்டும் என்பதும் பழைய லாரி ஓட்டிகளின் முதல் விதியாயிருந்தன.

தலைமையாசிரியர் அறையில் நான் பலமுறை கேட்ட ஒரு வாசகம் உண்டு. ‘படிப்பு ஏறவில்லை ஐயா, லாரியில் ஏறிவிட்டான்’ என்று தகப்பனார் சொல்வார். சொல்லும்போது தலை குனிந்திருக்கும். லாரியில் ஏறியவன் படிக்கவில்லை என்ற எண்ணம் நம்மிடையே அவ்வளவு வேரூன்றியிருக்கிறது. மேலே சொன்ன கற்றல் யாவும் படிப்பன்றி வேறு என்ன என்று எனக்குத் தெரியவில்லை. பாடநூலும் மணியும் இல்லாத படிப்பு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

நிற்க. 1939ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை ஒன்பது அணிகளாக, ஏறத்தாழ 3,200 பேர் சென்றனர். சிங்கப்பூர், பினாங்கு, பேராக், சிலாங்கூர், மலாக்கா, ஜொகூர் எனப் பல இடங்களினின்றும் மலாயாவுக்கு வெளியே இருந்தும் வந்தவர்கள் அவர்கள். லாரி ஓட்டி, பஸ் ஓட்டி, வாடகைக் கார் ஓட்டி, பட்டறை ஆள் எனப் பலதிறத்தினர். வயது போதாதவர் கூட்டிச் சொன்னதும், வீட்டார்க்குத் தெரியாதிருக்கப் பெயரை மாற்றிக்கொண்டதும் உண்டு. பினாங்கில் ஆசிரியையாக இருந்த பாய் சியூஜியாவ் என்னும் பெண் வேறு பெயரில் சேர்ந்து, பெற்றோருக்கு ஒரு கடிதம் மட்டும் எழுதிவைத்துவிட்டுப் போனார்.

தான் கா கீ பின்னாளில் எழுதிய தம் நினைவுக் குறிப்பில், பழுதுபார்ப்போன் ஒருவனைத் தனியே குறித்திருக்கிறார். பத்தாண்டுக்கு மேலாக இங்கே தொழில் நடத்தி மாதம் 200 வெள்ளிக்கு மேல் ஈட்டிவந்தவன் அவன். அவன் தானும் புறப்பட்டு, தன்னுடன் பத்துக்கு மேற்பட்ட தொழில் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு, பட்டறைக் கருவிகள் முழுவதையும் கட்டி எடுத்துக்கொண்டு போனானாம். போகும் இடத்தில் கருவி இருக்கும் என்று அவன் நம்பிப் போகவில்லை. தேர்ந்த தொழிலாளியின் ஆயத்தம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தோசீனாவின் ஹாய்பாங் துறைமுகத்தில் இறங்கிப் பிரெஞ்சுக்காரர் போட்ட ரயிலில் குன்மிங் சென்றவர் ஒரு சாரார். இரங்கூன் வழியே பர்மாவுக்குள் புகுந்து வடக்கே ஏறியவர் மற்றொரு சாரார். குன்மிங்கில் பயிற்சி முகாம் இருந்தது. ஏறத்தாழ இரண்டு மாதம் அங்கே பயிற்சி. படைப்பயிற்சி, போக்குவரத்து விதி, இயந்திர அறிவு, மலைச்சாலையில் ஓட்டுதல், விமானத் தாக்குதல் நேரத்தில் வண்டிகளைச் சிதற நிறுத்துதல் ஆகியவை பாடங்கள். இந்நாட்டின் வெயிலிலே வளர்ந்தவர்கள் 1,900 மீட்டர் உயரத்திலுள்ள அந்நகரின் குளிரில் விடியற்காலையில் எழுந்து வரிசையில் நின்றனர்.

ஆசிரியர் பயிற்சி பெற்ற நமக்கு இந்த இரண்டு மாதத்தின் அளவு விளங்கும். பயிற்சிக் கல்லூரியில் கற்பித்தல் முறைகளைப் படித்தபின், செய்முறைப் பயிற்சிக்கு ஒரு பள்ளிக்கு அனுப்பப்பட்டு, நாற்பது பிள்ளைகள் முன்னே முதல் நாள் நின்றபோது, படித்தவற்றுள் எவ்வளவு கைக்கு வந்தது? முன்பே பிள்ளைகளோடு பழகியவனுக்குப் பயிற்சி மெருகாயிற்று, பழகாதவனுக்குப் பாரமாயிற்று. குன்மிங் முகாமின் கதையும் அதுவே என்பது என் கருத்து. மலாயாவில் கெலிண்டானாகத் தொடங்கி லாரி ஓட்டியானவனுக்கு அந்த இரண்டு மாதம் போதுமானது. அவன் புதிதாகக் கற்கவேண்டியவை குளிரும் குண்டுவீச்சும் மட்டுமே. நகரத்தில் சிறிய கார் மட்டும் ஓட்டியவனிடமும் அதே லைசென்ஸ்தான் இருந்தது. சுமையை அவன் அறியான். அறிக்கை கேட்ட லைசென்ஸ் இவ்விருவரையும் பிரித்துக் காட்டவில்லை.

சாலை பிரித்துக் காட்டியது. குன்மிங்குக்கும் லாஷியோவுக்கும் இடையே மேக்கோங், சால்வின் என்னும் இரு பேராறுகள் ஆழ்ந்த பள்ளங்களில் ஓடுகின்றன. கணவாயிலிருந்து ஆற்றுப் பாலத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கி, மறுகரையில் மீண்டும் அவ்வளவும் ஏறவேண்டும். கேமரன் மலைச் சாலையை இறங்கி ஏறுவதாக எண்ணிக்கொள்க. ஆனால் தார் இல்லை, ஓரக்கட்டை இல்லை, பல இடங்களில் எதிரே வரும் வண்டிக்கு வழி விடவும் இடமில்லை. கல்லும் மண்ணுமான தளம் மழைக்காலத்தில் குழம்பாகிவிடும். மலைச்சரிவு சாலையின் மேல் விழும். சில வேளை சாலையே சரிவோடு போய்விடும். நின்றுபோன ஒரு லாரிக்குப் பின்னால் வரிசையாக லாரிகள் நாள்கணக்கில் நிற்கும். ஓட்டிகள் இருக்கையிலேயே உறங்கினர்.

யூன்னானின் மேற்கு எல்லைப் பள்ளத்தாக்குகளில் மலேரியா கொடியது. மலாயாவில் மலேரியாவை அறிந்தவர்கள்தாம் அவர்கள். ஆயினும் இங்கே தோட்டந்தோறும் கொயினாவும் ஓரளவு மருத்துவ ஏற்பாடும் இருந்தன. அங்கே தொடக்கத்தில் அவை போதவில்லை. போர்வை, கம்பளிச் சட்டை, கொசுவலை, மருந்து எல்லாம் பற்றாக்குறை என்று முறையீடுகள் சிங்கப்பூருக்கு வந்தன. சங்கம் 1939ஆம் ஆண்டிலேயே ஒருவரை அனுப்பிச் சாலை நெடுகப் பார்த்துவரச் செய்தது. வழிநெடுக ஓட்டிகள் தங்க நிலையங்கள் வேண்டும் என்று தான் கா கீ வற்புறுத்தினார். துணியும் மருந்தும் இங்கிருந்து திரட்டி அனுப்பினார். 1940ஆம் ஆண்டில் சீனத்துக்குச் சென்றபோது தாமே அச்சாலையில் பயணம் செய்து ஓட்டிகளைக் கண்டார். ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்பியதோடு தம் கடமை முடிந்ததென்று அவர் இருந்துவிடவில்லை. ஓட்டியை ஆயத்தம் செய்வது ஒரு பாதி; அவன் உறங்கவும் உண்ணவும் வழி செய்வது மறுபாதி. உறக்கமில்லாத லாரி ஓட்டியால் வரும் கேடு இன்றும் நம் பெருஞ்சாலைகளில் அறியாததன்று.

நான்கு வாயில்கள் என்று தங்கள் துன்பத்தை அவர்கள் எண்ணிச் சொல்வதுண்டாம். மலேரியா, மழைச்சேறு, மலைச்சாலை, விமானக் குண்டு. நான்காவது 1940ஆம் ஆண்டின் இறுதியில் கடுமையாயிற்று. அவ்வாண்டு ஜூலை 18ஆம் நாள், ஜப்பானின் நெருக்குதலுக்கு இணங்கி, பிரிட்டிஷ் அரசாங்கம் பர்மாச் சாலையை மூன்று மாதத்துக்கு மூடிற்று. அக்டோபர் 18ஆம் நாள் மீண்டும் திறந்தபோது, ஜப்பானியர் இந்தோசீனாவின் வடபகுதியில் நிலைகொண்டிருந்தனர். அங்கிருந்து எழுந்த விமானங்கள் ஆற்றுப் பாலங்களைக் குறிவைத்தன. மேக்கோங் பாலம் உடைந்தபோது, வெற்றுப் பெட்ரோல் பீப்பாய்களைச் சேர்த்துக் கட்டி மிதவையாக்கி, ஒவ்வொரு லாரியாக அதன்மேல் ஏற்றி அக்கரை சேர்த்தனர். பட்டறை ஆட்கள் இல்லாமல் இது நடந்திராது. ஓட்டியையும் பழுதுபார்ப்போனையும் ஒரே சொல்லால் அழைத்தது வீண்போகவில்லை.

பினாங்கில் பிறந்த லீ யூமேய் என்னும் பெண்ணின் செய்தியை இங்கே விட்டுவிட மனமில்லை. ஆணுடையில் சேர்ந்து, ஆணென்றே நம்பப்பட்டு லாரி ஓட்டியவர். 1940ஆம் ஆண்டில் அவர் வண்டி கவிழ்ந்தது. வழியே வந்த மற்றோர் ஓட்டி அவரை மீட்டு மருத்துவமனையில் சேர்த்தபோதுதான் பெண் என்பது வெளியாயிற்று. பிற்காலத்தில் மீட்டவரையே மணந்துகொண்டார். பத்திரிகைகள் அவரைப் பழங்கதை வீராங்கனையோடு ஒப்பிட்டுக் கொண்டாடின. எனக்கு வியப்பாயிருப்பது வேறு. வண்டி கவிழும்வரை அவர் ஓட்டுவதைப் பார்த்த எவருக்கும் ஐயம் எழவில்லை என்பதே அது.

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் லாஷியோ ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. மே 5ஆம் நாள் சால்வின் ஆற்றின் ஹூய்தோங் பாலத்தைச் சீனப் படையினரே தகர்த்தனர். எதிரி கிழக்கே வராமல் தடுக்க அது வேண்டியிருந்தது. ஆனால் மேற்குக் கரையில் அகதிகளும் லாரிகளும் ஓட்டிகளும் சிக்கிக்கொண்டனர். சாலை அறுந்ததும் ஓட்டிகளுக்கு வேலையும் அறுந்தது. மலாயாவும் சிங்கப்பூரும் அவ்வாண்டு பிப்ரவரிக்குள் வீழ்ந்துவிட்டமையால் வீட்டிலிருந்து கடிதமும் இல்லை, பணமும் இல்லை. நிவாரண நிதியோடு தொடர்புடையவர்களை ஜப்பானியர் இங்கே தேடித்தேடிக் கொன்ற செய்தி அவர்களுக்கு எப்போது எட்டியதோ. குன்மிங் தெருக்களில் சிலர் பசியால் வாடினர்.

(அதே 1942, 1943ஆம் ஆண்டுகளில் நம் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் சயாம் – பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். மேற்சொன்னவர்கள் தாமாகப் போனார்கள். நம்மவர் பிடித்தும் ஏமாற்றியும் அனுப்பப்பட்டனர். அக்கதை தனியே எழுதவேண்டியது.)

இன்று மலேசியாவில் கனரக லாரி ஓட்ட விரும்பும் ஓர் இளைஞனுக்கு வேண்டியவற்றை அந்த 1939ஆம் ஆண்டு அறிக்கையின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சாதாரணக் கார் உரிமம் போதாது. கனரக வண்டிக்கென ‘ஈ’ வகுப்பு உரிமம் தனியே வேண்டும். அதுவும் போதாது, சரக்கு ஏற்றிச் செல்லும் தொழிலுக்கென ‘ஜி.டி.எல்.’ எனப்படும் தொழில் உரிமம் வேண்டும். அதற்கு 21 வயது நிரம்பியிருக்கவேண்டும். மருத்துவச் சோதனையும் உண்டு. வண்டியை ஓட்டும் திறன் ஒன்று, சுமையைக் கொண்டுசேர்க்கும் தொழில் மற்றொன்று என்று சட்டம் இப்போது ஒப்புக்கொள்கிறது. நகரத்துக் கார் ஓட்டியையும் தோட்டத்து லாரி ஓட்டியையும் ஒரே சீட்டால் அளந்த குறை இங்கே நீங்கியிருக்கிறது. ஆனால் பிணை நின்ற கடைக்காரரின் இடத்தில் இப்போது ஒருவரும் இல்லை. கெலிண்டானாக ஈராண்டு பின்பக்கத்தில் நின்று சுமையைக் கற்பதும் அருகிவருகிறது. கொள்கலனை ஏற்றுவது பாரந்தூக்கியின் வேலை, பூட்டிய பெட்டிக்குள் சுமை எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை ஓட்டி பார்ப்பதே இல்லை. வளைவிலே அதைச் சுமந்து திரும்புகிறவன் மட்டும் அவன்தான். என் பள்ளியில் படித்தவர்களுள் இத்தொழிலில் இருப்போர் என்னைக் காணவரும்போது, இதைப் பற்றியே நாங்கள் அதிகம் பேசியிருக்கிறோம்.

போர் முடிந்தபின், 1946ஆம் ஆண்டில், பர்மாச் சாலைக்குச் சென்றவர்களுள் ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டோர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிற தென்கடல் நாடுகளுக்கும் திரும்பினர். ஏறத்தாழ அதே அளவினர் இறந்துபோயினர். எஞ்சியோர் சீனத்திலேயே தங்கினர். யூன்னானில் மணம் புரிந்து குடும்பமாகி, அந்த மலைச்சாலைகளிலேயே தொடர்ந்து லாரி ஓட்டிப் பிழைத்தவரும் அவர்களுள் உண்டு. அவர்களுக்கான நினைவுத் தூண் குன்மிங் நகரின் மேற்கு மலையில், 1989ஆம் ஆண்டில், ஆயர் ஈத்தாம் தூண் எழுந்து முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து எழுப்பப்பட்டது.